ஒரு பாட்டிலில் மட்டும்

மூன்றாம் நாள் பாட்டில் கலங்கிவிட்டது. குலுக்காமல் எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். அடியில் ரத்தம் படிந்து கிடக்கிறது. அதற்கு மேலே நேற்று சாயந்திரம் வரை கடுங்காப்பியில் தண்ணீர் ஊற்றிய நிறத்தில் தெளிவாக நின்ற, கிருமி வளர்க்கிற சாறு, இன்று மூடுபனி பிடித்த மாதிரி இருக்கிறது. உள்ளே ஏதோ ஒன்று தின்று பெருகுகிறது. பெருகட்டும். அதே ஆளின் இன்னொரு பாட்டில், இடது கையில் எடுத்தது, தெளிவு. ஒன்றில் உண்டு. ஒன்றில் இல்லை. சனியன், இப்படி வந்தால்தான் வம்பு. இரண்டிலும் வந்தால் எவனும் வாயைத் திறக்க மாட்டான். லேபிளைத் திருப்பினேன். நாற்பத்தெட்டு வருஷம் லேபில் கிடந்தவன் பெயரைக் கடைசியில்தான் பார்ப்பான். முதலில் பார்த்தால் கண் பொய் சொல்லும். தாமோதரன், 79, ஆண். பாளையங்கோட்டையில் தாமோதரன் நூறு பேர் இருப்பான். கூட வந்த சீட்டை எடுத்தேன். பெயருக்கு முன்னால் டாக்டர். மூன்று வாரமாகக் காய்ச்சல், மாலையில் குளிர், உடம்பு இளைப்பு. ஆறு வாரத்துக்கு முன் கடைவாய்ப் பல் எடுத்தது. ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டும் தீரவில்லை. அனுப்பிய டாக்டர் அவன் மகன். கையெழுத்தின் வாலைத் தகப்பன் மாதிரியே கீழே இழுத்து விட்டிருக்கிறான். அவன்தான். இருபத்தொன்பது வருஷம். இப்படி ஒரு நாள் வரும் என்று நினைத்திருந்தேன். வந்துவிட்டது. பாட்டிலை ஸ்டாண்டில் வைத்து, வாடா என்றேன். வாய்விட்டுத்தான்.

"யார அண்ணாச்சி வாடாங்கிய?" முன்னறையில் உட்கார்ந்து வருகிறவர்கள் பெயரை எழுதுகிற மாரிச்செல்வி தலையை நீட்டினாள்.

"ஒன்ன இல்ல. போ."

"அந்தப் பாட்டிலப் பொண்ணு பாக்க மாதிரில்லா பாக்கிய. புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு. கதவச் சாத்து."

"மொய்க்குச் சொல்லிவிடுங்க" என்று சாத்திக்கொண்டு போனாள்.

ரப்பர் மூடியை ஸ்பிரிட் வைத்துத் துடைத்துக் காய விட்டேன். ஊசி குத்தி ஒரு துளி. ஸ்லைடில் இழுத்து, உலர்த்தி, தீயில் மூன்று தரம் காட்டி, ஊதாச் சாயத்தை ஊற்றினேன். ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். கடிகாரம் பார்ப்பதில்லை, உடம்புக்கே தெரியும். இப்போது மூடியைக் காய விட்ட மாதிரி அன்றைக்கும் காய விட்டேன். தங்கச்சி பிரமுவின் கையை ஸ்பிரிட்டால் துடைத்து, அயோடினால் துடைத்து, காய விட்டுத்தான் குத்தினேன். காய்ந்தால்தான் தோலில் இருக்கிற கிருமி சாகும். ஈரத்தோடு குத்தினால் தோல் கிருமி ஊசியோடு பாட்டிலுக்குள் போகும். துடைத்த பிறகு நரம்பு எங்கே ஓடுகிறது என்று விரலால் மறுபடி தடவிப் பார்த்தாலும் போகும். எங்கள் தொழிலில் பாதிப் பேர் செய்கிற தப்பு அது. நான் தடவவில்லை. என் கூடப் பிறந்தவளுக்கு நரம்பு நூல் மாதிரி, தடவச் சொல்லி விரல் துடித்தது, தடவவில்லை. காய்வதற்காகக் கையைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். "ஏ அண்ணே, குத்தப் போறியா, கும்புடப் போறியா?" என்றாள். நூற்றிரண்டு டிகிரியில் கேலி. முப்பத்துநாலு வயது. எவன் எங்கே நிறுத்திக் கேட்டாலும் சொல்வேன், தடவவில்லை. நிமிஷம் ஆயிற்று. கழுவி விட்டு அயோடின் ஊற்றினேன். இது இன்னொரு நிமிஷம். சாயத்தை உள்ளே கெட்டியாகப் பிடித்து வைக்க.

யாரைக் கேட்டு ரத்தம் எடுத்தாய் என்றான் தாமோதரன். முதல் கேள்வியே அதுதான். என்ன வளர்ந்திருக்கிறது என்று கேட்கவில்லை. அவனுடைய நர்சிங் ஹோம், அவனுடைய வார்டு, நான் அங்கே லேபில் சம்பளத்துக்கு இருப்பவன். பிரமுவுக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல். டைபாய்டு என்றான். டைபாய்டுக்குப் பார்க்கிற வைடால் டெஸ்ட் பார்த்தானாம். அந்த வைடாலைப் போட்டதே நான்தான். ஸ்லைடில் திரிதிரியாகக் கட்டியது; உண்டு என்று எழுதிக் கொடுத்தேன். இந்தத் தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிறவன் எவன் ரத்தத்தை எடுத்துப் போட்டாலும் கொஞ்சம் கட்டத்தான் செய்யும். என்றைக்கோ வந்து போன கிருமிக்கு உடம்பு வைத்திருக்கிற ஞாபகம் அது. அதை நம்பினான். டைபாய்டு மாத்திரை கொடுத்தான், பத்து நாள். காய்ச்சல் தணிந்தது, நிறுத்தினதும் ஏறியது. மறுபடி பத்து நாள். நான் போட்ட ஸ்லைடை நம்பினவன் நான் பாட்டிலில் வளர்த்த கல்ச்சரை நம்பவில்லை. ஸ்லைடு அவன் சொன்னதையே சொன்னது, அதனால் நல்ல ஸ்லைடு. கல்ச்சர் வேறு சொன்னது. வராந்தாவில் நாலு நர்சுகள் முன்னால் சீட்டை ஆட்டினான். "ஒரே ஒரு பாட்டில். அதுல வளந்திருக்கது வாய்க் கிருமி. வாயப் பொளந்துக்கிட்டு ஊசி குத்தியிருப்ப." ஒருத்தி சிரித்தாள். "கையச் சுத்தமா வச்சுக்கிடத் தெரியாதவன்லாம் கல்ச்சர் போட வந்துட்டான். லேப்காரன் லேப்ல இருக்கணும், கேட்டியா." சிவப்புப் பேனாவை எடுத்துச் சீட்டின் குறுக்கே எழுதினான். கண்டாமினேஷன். நான் போட்டது அழுக்கு, நோய் இல்லை. அவ்வளவுதான், ஒரு சொல். "சார், வால்வு சார்" என்று பின்னாலேயே ஓடினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினோராம் நாள் காலையில் பிரமு தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. வலது கை, வலது கால், வாய் கோணி. இரண்டு நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாள்.

அயோடினைக் கழுவினேன். இனி ஸ்பிரிட். இதில்தான் தொழில் இருக்கிறது. ஸ்லைடைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஊதா வழிவது நிற்கிற கணத்தில் தண்ணீருக்குக் காட்ட வேண்டும். இரண்டு எண்ணிக்கை கூடினால் எல்லாம் வெளுத்துப் போகும், குறைந்தால் எல்லாம் ஊதாவாய் நிற்கும். சுவர் தடித்த கிருமி சாயத்தை விடாது. மெலிந்தது விட்டுவிடும், பிறகு ஊற்றுகிற சிவப்பை ஏற்றுக்கொள்ளும். விடாததும் உண்டு, விடுவதும் உண்டு. நான் விடாத ஜாதி. நிறுத்தினேன். கழுவினேன். சிவப்பு ஊற்றினேன். நினைத்திருந்தால் இதைக் கெடுத்திருக்கலாம். ஸ்பிரிட்டை இன்னும் கொஞ்சம் ஓட விட்டிருந்தால் போதும். யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். அது வேண்டாம். கள்ளத்தனம் செய்து கொல்கிறவன் நான் இல்லை. அவன் என்ன கள்ளத்தனமா செய்தான்? பட்டப்பகலில் பேனாவால் செய்தான். அப்படியே செய்வேன். அதே சொல். சட்டப்படி எழுதலாம். ஒரு பாட்டிலில் மட்டும் வாய்க் கிருமி வந்தால் பெரும்பாலும் அசுத்தம் என்று புத்தகமே சொல்கிறது. என் மேல் எவன் கை வைப்பான்?

எண்ணெய் ஒரு சொட்டு வைத்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். முதலில் ரத்தக் குப்பை, இளஞ்சிவப்புத் திட்டு. நகர்த்தினேன். குப்பை. குப்பை. பிறகு வந்தது. ஊதா மணிகள். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, அறுந்த பாசிமாலை கீழே விழுந்து வளைந்து கிடக்கிற மாதிரி. சங்கிலி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அன்றைக்குப் பார்த்த அதே சங்கிலி. கண்ணை எடுக்க மனமில்லை. என்ன சுத்தமான ஜீவன். எல்லார் வாயிலும் இருக்கிறது இது. பல்லிடுக்கில் சத்தம் போடாமல் குடித்தனம் பண்ணுகிறது, யாருக்கும் கெடுதல் இல்லை. பல்லைப் பிடுங்குகிறார்கள். ஈறு கிழிகிறது. கதவு திறந்த மாதிரி ரத்தத்துக்குள் போகிறது. நல்ல உடம்பென்றால் அரை மணி நேரத்தில் வெள்ளணு தின்று தீர்த்துவிடும். இதயத்தில் ஒரு வால்வு வழுவழுப்பு கெட்டுச் சொரசொரத்துக் கிடந்தால், ஓடுகிற ரத்தத்தில் இருந்து அங்கே இறங்கிவிடும். ரத்தம் உறைந்து மேலே போர்வை போர்த்தும், அதற்குள்ளே இது பெருகும், மறுபடி போர்வை, மறுபடி பெருக்கம். பூக்கோசு மாதிரி வால்வில் தொங்கும். அவசரமே படாது. சாயந்திரம் சாயந்திரம் கொஞ்சம் குளிர். பசி இல்லை. வயசு என்பார்கள். நகத்துக்கு அடியில் மரச் சிலாம்பு ஏறின மாதிரி கோடு விழும். மூத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம். பிறகு ஒரு நாள் அந்தப் பூவில் இருந்து ஒரு துணுக்கு கழன்று போகும். சிறுநீரகத்துக்குப் போகலாம். காலுக்குப் போகலாம். தலைக்குப் போகலாம். எனக்கு எல்லாப் படியும் தெரியும், ஒரு படி விடாமல் பார்த்தவன். அவனுக்கும் தெரியும், டாக்டர் இல்லையா. கையைப் பார்த்துப் படுத்திருப்பான். நகத்தைப் பார்ப்பான். காப்பி டம்ளரைப் பிடிக்கும்போது விரல் மரத்தால் திடுக்கிடுவான். பிடிக்கட்டும். விழட்டும். டம்ளர் விழுகிற சத்தத்தில் அவன் மகன் ஓடி வரட்டும்.

போன் அடித்தது. ரஹ்மத் மேடம். மைக்ரோபயாலஜி டாக்டர், இந்த லேபில் கல்ச்சர் ரிப்போர்ட் எல்லாம் அவர் கையெழுத்து. இன்று தென்காசியில் ஏதோ கல்யாணம். பின்னால் பாத்திரச் சத்தம். "அண்ணாச்சி, அந்த டாக்டர் தாமோதரன் கல்ச்சர் என்னாச்சு? மகன் எனக்கு ரெண்டு தடவ அடிச்சிட்டார்."

"வளந்திருக்கு."

"ரெண்டுலயுமா?"

"ஒண்ணுல. சங்கிலி."

"ஒண்ணுலதானா." யோசித்தார். "வாய்க் கிருமியாத்தான் இருக்கும். கண்டாமினன்ட்னு சொல்லிரலாமா? நீங்க என்ன நெனைக்கிய? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"பாக்கேன்."

"பாத்துட்டு நீங்களே அவங்ககிட்டச் சொல்லிருங்க அண்ணாச்சி, இங்க ஒண்ணும் கேக்கல. பிரியாணிக்கு அடிதடி நடக்கு."

வைத்துவிட்டார். நீங்க சொன்னா. நாற்பத்தெட்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த பட்டம் இது. இதை வைத்து ஒருத்தனைக் கொல்லலாம். சீட்டை மறுபடி பார்த்தேன். ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டிருக்கிறான். மாத்திரையில் பாதிக் கிருமி அமுங்கிப் போயிருக்கும், அதனால்தான் ஒரு பாட்டிலோடு நின்றது. பல் எடுத்திருக்கிறான். மூன்று வாரக் காய்ச்சல். மூன்றாம் நாள் வரை தாமதித்ததும் அந்த மாத்திரையால்தான். அசுத்தம் என்றால் எதற்கு இவ்வளவு நல்ல சங்கிலியாக, ஒரே ஜாதியாக வருகிறது? இது நிஜம். சந்தேகமே இல்லை. அவன் வால்வில் பூத்திருக்கிறது. எனக்குத் தெரியும், அசுத்தம் என்று எழுதப்போகிற எனக்கு மட்டும் தெரியும். அன்றைக்கும் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. பிரமுவுக்குப் பத்து வயதில் தொண்டை வலி வந்தது, பிறகு முட்டு இரண்டும் வீங்கிற்று, பிறகு நெஞ்சில் வைத்துக் கேட்ட டாக்டர் வால்வு கெட்டிருக்கிறது என்றார். தொண்டைக்கு வந்த கிருமி நேரே இதயத்தைத் தொடவில்லை. அதை விரட்டப் போன உடம்பு தன் வால்வையே அடித்துவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருக்கா இடுப்பில் பெனிசிலின். நான்தான் அழைத்துக்கொண்டு போவேன். நொண்டிக்கொண்டே வருவாள். இருபத்திரண்டில் மாப்பிள்ளை வந்தான், செந்தூர்பாண்டி, நல்ல பையன். ஊசியை நிறுத்தினோம். நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தால் எவன் கட்டுவான்? அப்பா சொன்னார், நான் சரி என்றேன். அவளிடம், அங்கே போய் வாயைத் திறக்காதே என்றோம். திறக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் புருஷனிடம் திறக்கவில்லை. பல் பிடுங்கப் போன இடத்திலும் திறக்கவில்லை, பக்கத்தில் புருஷன் நின்றான். எல்லார் வீட்டிலும் செய்கிறதுதான்.

இதை இப்போது எதற்கு நினைக்கிறேன்? அவனைப் பற்றித்தானே பேச்சு. அவன் கேட்கவில்லை என்பதுதானே. வால்வு சார் என்றேன், திரும்பிப் பார்க்கவில்லை. வராந்தா. பச்சை வழவழப்புத் தரை. அவன் செருப்புச் சத்தம். நான் பின்னால் ஓடுகிறேன். வாயைத் திறக்கிறேன். எதிரே மாடிப்படியில் செந்தூர்பாண்டி காப்பி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வருகிறான். "என்ன மச்சான், என்ன சொல்லுதாவ?" என்கிறான். நான் என்ன சொன்னேன்? சொன்னேன். சார் என்று சொன்னேன். வால்வு என்றும் சொன்னேன் என்றுதான் இருபத்தொன்பது வருஷமாக நினைத்திருக்கிறேன். பிளாஸ்க்கு மூடி சிவப்பு. அது நன்றாகத் தெரிகிறது. சொல் தெரியவில்லை. வேண்டாம், விடு. அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, அதை நான் தொடுவதே இல்லை. சேர்த்த அன்றைக்குத் தாமோதரன் பிரமுவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒழுங்காகக் கேட்டான். எழுதுகிற அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "சின்ன வயசுல மூட்டு வீக்கம், இதயத்துல கோளாறு, அப்படி எதும் உண்டா?" கேட்டான். அந்த நாய் கேட்டான். செந்தூர்பாண்டி, "ஒண்ணுங் கெடையாது டாக்டர், எரும மாதிரி வேல பாப்பா" என்று சிரித்தான். பிரமு என்னைப் பார்த்தாள். நான் கட்டிலுக்கு அடியில் இருந்த தண்ணீர்க் கூஜாவைப் பார்த்தேன். வாயால் சொல்ல மாட்டாமல்தான் யாரையும் கேட்காமல் ரத்தம் எடுத்தேன். பாட்டில் பேசட்டும் என்று. பாட்டில் பேசிற்று. வால்வு கெட்டவள் என்று தெரியாதவனுக்கு அது வாய்க் கிருமிதான். சரி, தெரியாது. அதற்காக? ஒரு பாட்டில் போதாது என்றால் இன்னும் இரண்டு எடு என்று சொல்லியிருக்கலாமே. எந்த டாக்டரும் சொல்வான். எடுக்க விடவில்லையே. யாரைக் கேட்டு என்றான். சுத்தமில்லாதவன் என்றான். அது நிற்கிறது. அந்தப் பங்கு அவனுடையது. என் பங்கை நான் தின்று செரித்துவிட்டேன், செரிக்கவில்லை, அது வேறு. அவன் பங்கை அவன் தின்னட்டும்.

கதவு திறந்தது. "அண்ணாச்சி, ஆஸ்பத்திரியில இருந்து. லயன்ல நிக்காவ. கொஞ்சம் நல்லபடியாப் பேசுங்க, என்ன" என்று மாரிச்செல்வி போனைக் கொடுத்துவிட்டுக் கதவிலேயே நின்றாள். மகன். குரலில் தூக்கம் கெட்டிருக்கிறது. அப்பாவே உங்ககிட்டப் பேசணுங்கார் என்றான். ஏதோ உரசல். இருமல். பிறகு அந்தக் குரல். ஓட்டை விழுந்த குரல், ஆனால் அதுதான்.

"யாரு, லேபா? என்னய்யா வளந்திருக்கு?"

"ஸ்ட்ரெப்டோகாக்கஸ்."

"எத்தனை பாட்டில்ல?"

"ஒண்ணுல."

"ஒண்ணுலதானா!" மூச்சு விட்டான். சந்தோஷத்தில் விட்டான். "அப்ப அது கண்டாமினேஷன்யா. வாய்க் கிருமி. யாரு ரத்தம் எடுத்தா? கையக் கழுவியிருக்க மாட்டான் மடையன். எனக்கு டைபாய்டு. வைடால் ஏறியிருக்கு, பாத்தாச்சு. நீ கண்டாமினேஷன்னு எழுதி அனுப்பிரு, இவன் சும்மா நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் அது இதுன்னு உயிர எடுக்கான்."

சிரிப்பு வந்தது. அடக்கினேன். தானே கேட்கிறான். தன் சாவைத் தானே எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறான். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். சரி சார் என்றால் போதும். இரண்டு சொல். நோயாளி டாக்டர், அவர் சொன்னார், மேடமும் சொன்னார், நான் எழுதினேன். பத்து நாள் டைபாய்டு மாத்திரை தின்பான். தணியும். நிறுத்துவான். ஏறும். ஒரு நாள் காலையில் சீப்பு விழும். வாயைத் திறந்தேன். 'சரி' என்ற சொல் வரவில்லை. ஏன் வரவில்லை? இவன் செத்தால் என்ன ஆகும்? டைபாய்டில் செத்தான் என்பார்கள். வயசு என்பார்கள். பெரிய டாக்டர், கடைசி வரை தெளிவாக இருந்தார் என்று பேப்பரில் போடுவார்கள். கண்டாமினேஷன் என்று அவன் சொன்னது சொன்னபடியே நிற்கும். பிரமுவினுடையதும் நிற்கும். நான் கை கழுவாதவனாகவே நிற்பேன். செத்தவனிடம் எப்படி ஜெயிப்பது? இவன் தப்பு என்று இவனுக்குத் தெரிய வேண்டும். தெரிவதற்கு இவன் உயிரோடு இருக்க வேண்டும். சாக விட மாட்டேன். அவ்வளவு லேசில் விட மாட்டேன்.

"இல்ல சார்" என்றேன்.

"என்ன இல்ல?"

"கண்டாமினேஷன் இல்ல. அஞ்சு நாள் மாத்திர சாப்ட்டிருக்கிய, அதுல அமுங்கித்தான் ஒரு பாட்டில்ல வந்திருக்கு. பல்லு எடுத்திருக்கிய. மூணு வாரக் காய்ச்சல். இது வால்வுல ஒக்காந்திருக்கு. ஒங்க மகன் சொன்ன எக்கோவ இன்னைக்கே எடுங்க. அதுக்கு முன்னால மூணு எடத்துல புதுசா ரத்தம் எடுக்கச் சொல்லுங்க, நேரம் விட்டு விட்டு. எடுத்து முடிச்ச ஒடனே நரம்புல ஊசிய ஆரம்பிக்கணும். மாத்திரைக்கு இது அடங்காது. நாளைக்குன்னு தள்ளிப் போடப்படாது."

மாரிச்செல்வி வாயைப் பிளந்து நிற்கிறாள். இவ்வளவு நான் பேசி அவள் கேட்டதில்லை.

"நீ யாருய்யா எனக்குச் சொல்லுததுக்கு?"

"லேப்காரன்."

"பேரென்ன?"

"நயினார்."

"எந்த நயினார்?"

தெரியவில்லை. நடிக்கவில்லை, தெரியவே இல்லை. இருபத்தொன்பது வருஷம் என் வீட்டில் சாப்பாட்டுத் தட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு என்னைத் தெரியவில்லை. சொல்லலாம். பிரமு, வார்டு, சிவப்புப் பேனா. சொன்னால் ஞாபகம் வரும். ஞாபகம் வந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். வருத்தப்படுவான், படுத்துக் கிடக்கிற கிழவன், மன்னிச்சிருய்யா என்றாலும் என்பான். அதை வாங்கி வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இல்லையென்றால், நான் அன்றைக்குக் கேட்டேனே, வால்வுக் கோளாறு உண்டா என்று கேட்டேனே, நீ நின்றாயே என்பான். இரண்டும் வேண்டாம்.

"ஒங்களுக்குத் தெரியாது சார்" என்றேன்.

மூச்சு கேட்கிறது. மூச்சுக்குள் கணக்கு ஓடுவதும் கேட்கிறது. மடையன் இல்லை அவன், ஒருகாலத்தில் இந்த ஊரில் அவன் கை பட்டால் போதும் என்று கிடந்தார்கள். பல், காய்ச்சல், சங்கிலி, வால்வு. ஒவ்வொன்றாகப் போய் உட்காருகிற இடத்தில் உட்காருகிறது. "நெஞ்சுல சத்தம் கேக்குன்னு இவன் நேத்தே சொன்னான்" என்றான், எனக்கில்லாமல் சுவருக்குச் சொல்கிற மாதிரி. "வயசானா கேக்கும்டேன்னேன்." பிறகு என்னிடம், "தலைக்குப் போயிருமா?"

"போவலாம்."

"மருந்து கேக்குமா?"

கேட்கும். பல்லில் இருந்து வருகிற இந்த ஜாதி பத்தில் ஒன்பது, பெனிசிலினுக்கும் அதன் பங்காளிகளுக்கும் பணிந்து போகும். அந்த ஒன்றும் கொஞ்சம் முரண்டு பிடித்து, இன்னொரு ஊசி சேர்த்தால் படுக்கும். துணுக்கு கழலாமல் இருந்தால், நாலு வாரம், ஆறு வாரம், தினமும் ஊசி, ஒரு நாள் விடாமல். எழுந்து நடப்பான். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. சொன்னால் இன்றைக்குக் கண்ணை மூடித் தூங்குவான்.

"நாளைக்குத்தான் சார் தெரியும்."

"இல்ல, ஒங்க அனுபவத்துல..." ஒங்க என்கிறான். நீ போய் ஒங்க வந்துவிட்டது. "எத்தனையோ பாத்திருப்பீங்க. பொதுவா எப்படி?"

"பிளேட் போட்டு, வளந்து, பாத்துத்தான் சொல்லணும். பாக்காமச் சொல்லப்படாது."

"சும்மா ஒரு வார்த்த..."

"நாளைக்கு" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

"இதுக்குப் பேருதான் நல்லபடியாப் பேசுததா?" என்றாள் மாரிச்செல்வி. "பாவம், அந்த மனுசன் கொரலே நடுங்குச்சு. எனக்கே இங்க கேட்டுச்சு."

"கேட்டுச்சுல்லா. போ."

மேடத்துக்கு அடித்தேன். நிஜம், அசுத்தம் இல்லை, மூன்று செட் திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டேன் என்றேன். சரி அண்ணாச்சி, அப்படியே எழுதிருங்க என்றார். எழுதினேன். ஊசி இன்றைக்கே ஆரம்பித்துவிடுவார்கள், மகன் விவரமானவன். ஆக, நான் வாயை மூடிக்கொண்டதால் அவன் உயிருக்கு ஒன்றும் வராது. ராத்திரி முழுக்க விட்டத்தைப் பார்த்துக் கிடப்பான், விரலை மடக்கி மடக்கிப் பார்ப்பான், அவ்வளவுதான். ஆட்டு ரத்தம் கலந்த பிளேட் இரண்டை எடுத்தேன். ஒன்றில் கோடு கோடாக இழுத்து மெழுகுவர்த்தி ஜாடிக்குள் வைத்து, பற்ற வைத்து, மூடினேன். உள்ளே காற்றைத் தின்று சுடர் சிறுத்து அணைந்தது. இந்தச் சங்கிலிக்கு அந்த மூச்சுமுட்டல்தான் பிடிக்கும். இன்னொன்றில் பாட்டில் சாற்றைப் பஞ்சால் மெழுகி, மருந்து தோய்த்த காகித டிஸ்க்குகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக வைத்து அழுத்தினேன். பெனிசிலின் நடுவில். பதினெட்டு மணி நேரத்தில் எந்த மருந்தைச் சுற்றிக் கிருமி வராமல் வட்டம் விழுகிறதோ அது கேட்கும். ஸ்கேல் வைத்து அளந்தால் போதும். இன்குபேட்டரில் வைத்துக் கதவைச் சாத்தினேன். காலையில் ஏழு மணிக்கே தெரிந்துவிடும். ஆறரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவேன், எனக்குத் தெரியும். அவனுக்குப் பதினோரு மணிக்குச் சொல்லலாம்.